மொட்டில் சிவப்புத் திட்டு, பயாப்ஸியில் ‘கார்சினோமா இன் சிட்டூ’: வெட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஆண்குறியின் மொட்டுப் பகுதியில் ஒரு சிவப்புத் திட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலி இல்லை, லேசான எரிச்சல் மட்டும்தான். பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மாற்றி மாற்றி க்ரீம் போட்டேன், குறையும், திரும்ப வரும். போன மாதம் பயாப்ஸி எடுத்ததில் ‘கார்சினோமா இன் சிட்டூ’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் க்ரீம் போட்டாலே போதும் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன்தான் நல்லது என்கிறார். இணையத்தில் தேடினால் உறுப்பையே எடுத்துவிடுவார்கள் என்று வருகிறது. முன்தோல் எனக்குச் சிறு வயதிலிருந்தே இறுக்கம், கஷ்டப்பட்டுத்தான் பின்னால் தள்ள முடியும். சிகரெட் பழக்கம் உண்டு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கும் இது தொற்றியிருக்குமா? தூக்கமே வருவதில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது மட்டுமே அங்கே இருக்கிறது என்றால், உறுப்பை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கட்டத்தில் பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உறுப்போடும், நின்றபடியே சிறுநீர் கழித்துக்கொண்டும், தாம்பத்திய வாழ்க்கையோடும் தொடர்ந்து இருக்கிறார்கள். நீங்கள் இணையத்தில் படித்தது பெரும்பாலும் ஆழமாக ஊடுருவிய, பல மாதங்கள் மறைத்து வைக்கப்பட்ட கட்டிகளைப் பற்றியது. உங்கள் நிலை அது இல்லை. ஆனால் ‘ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது மட்டுமே என்றால்’ என்று சொன்னேன் பாருங்கள், அந்த ‘என்றால்’ முக்கியமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கார்சினோமா இன் சிட்டூ என்றால், தோலின் மேல் அடுக்கில் இருக்கும் செல்கள் புற்றுச் செல்களாக மாறிவிட்டன, ஆனால் அந்த அடுக்குக்குக் கீழே இருக்கும் மெல்லிய சவ்வை இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தம். ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தச் சவ்வுக்குக் கீழேதான் ஓடுகின்றன. அதனால் வேலியைத் தாண்டாத வரைக்கும் அந்தச் செல்களால் உடம்பின் வேறு எந்த இடத்துக்கும் போக முடியாது. இதே நிலைக்கு ரிப்போர்ட்டுகளில் வேறு பெயர்களும் வரும். பெனைல் இன்ட்ராஎபிதீலியல் நியோபிளேசியா என்பதுதான் இப்போது பொதுவாக எழுதுவது. மொட்டிலோ முன்தோலின் உள்பக்கத்திலோ வெல்வெட் போலச் சிவந்திருந்தால் எரித்ரோபிளேசியா ஆஃப் கெய்ரா என்றும், தண்டுப் பகுதித் தோலில் செதில் செதிலாக இருந்தால் போவன் நோய் என்றும் பழைய பெயர்களில் சிலர் எழுதுவார்கள். இளைஞர்களுக்குச் சின்னச் சின்னப் பருக்களாக வரும் போவனாய்டு பாப்புலோசிஸ் என்று ஒன்று உண்டு, அது புற்றுநோயாவது மிக அபூர்வம். பெயர் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சவ்வைத் தாண்டியிருக்கிறதா, இல்லையா?

தாண்டாததைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும். தண்டுப் பகுதியில் வரும் போவன் நோயில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஊடுருவும் புற்றாக மாறுகிறது. மொட்டில் வரும், உங்களுடையதைப் போன்ற திட்டில் இந்த விகிதம் இன்னும் அதிகம், 10 முதல் 30 சதவீதம் வரை சொல்கிறார்கள். ஆகவே பயந்து ஒளிந்துகொள்ளவும் வேண்டாம், ‘வலிதான் இல்லையே’ என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த நோயில் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் இத்தனை பேர் தாமதமாக வருகிறார்கள்.

இப்போது அந்த ‘என்றால்’. பயாப்ஸி எடுக்கும்போது திட்டு முழுவதையும் எடுப்பதில்லை, ஒரு ஓரத்தில் சின்னத் துண்டுதான் எடுப்பார்கள். அந்தத் துண்டில் ஊடுருவல் இல்லை என்பதால் பக்கத்தில் அரை சென்டிமீட்டர் தள்ளியும் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கார்சினோமா இன் சிட்டூ என்று பயாப்ஸி சொன்ன பிறகு முழுத் தோலையும் எடுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்கு எங்கோ ஓரிடத்தில் ஊடுருவல் ஆரம்பித்திருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு ஒரு துண்டு எடுத்தார்களா, இரண்டு மூன்று இடங்களில் எடுத்தார்களா என்று கேளுங்கள். திட்டில் எங்காவது தடிப்பு, புண், கடினம், கசிவு இருந்தால் அந்த இடத்திலிருந்து கட்டாயம் எடுத்திருக்க வேண்டும். அப்புறம், பயாப்ஸித் துண்டை வைத்துப் பார்த்த கண்ணாடிச் சில்லுகளை (ஸ்லைடுகளை) லேபிலிருந்து வாங்கி, ஆண்குறிப் புற்றை அடிக்கடி பார்க்கும் ஒரு நோய்க்குறியியல் நிபுணரிடம் இரண்டாவது முறையாகக் காட்டச் சொல்வேன். இது அபூர்வமான நோய். 2020-ல் உலகம் முழுவதும் சேர்த்து சுமார் 36,000 பேருக்குத்தான் ஆண்குறிப் புற்று கண்டறியப்பட்டது. ஒரு சாதாரண லேபில் இருப்பவர் இதை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்தாலே அதிகம். உங்கள் முதல் டாக்டரையோ லேபையோ குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, எல்லா முடிவும் அந்தச் சில்லுகளின் மேல்தான் நிற்கப் போகிறது என்பதால் சொல்கிறேன்.

அப்படி மறுபடி பார்க்கும்போது பி16 என்ற சாயப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடலுறவில் தொற்றும் ஹெச்பிவி வைரஸ் வழி, அதிலும் பெரும்பாலும் 16-ஆம் வகை. இன்னொன்று வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத வழி: இறுக்கமான முன்தோலுக்கு உள்ளே வருடக்கணக்காக நடக்கும் அழற்சி, அல்லது லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற, தோலை வெளுக்க வைத்துச் சுருங்கச் செய்யும் நோய். பி16 சாயம் நன்றாக ஏறினால் வைரஸ் வழி என்று எடுத்துக்கொள்ளலாம். இது வெறும் தகவலுக்காக இல்லை. வைரஸ் வழியில் வந்த திட்டுக்குத்தான் க்ரீம் சிகிச்சை பொருத்தமானது. லைக்கன் ஸ்க்ளீரோசஸோடு சேர்ந்து வரும் இன்னொரு வகை சீக்கிரம் ஊடுருவும் சுபாவம் உள்ளது, அதற்கு க்ரீம் போட்டுக் காத்திருப்பதை நான் விரும்பமாட்டேன்.

உங்கள் இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் எதிராகச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேர் சொல்வதும் வழிகாட்டு நெறிகளில் இருப்பதுதான். எது உங்களுக்கு என்பதுதான் கேள்வி, அதற்கு முன்னால் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளக்கூடிய முதல் படி ஒன்று இருக்கிறது.

அது முன்தோலை நீக்குவது. உங்கள் விஷயத்தில் இதைத் தவிர்க்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. முன்தோலின் உள்பக்கத்தில் இதே திட்டு பரவியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மொட்டு முழுவதும் வெளியே தெரியும், திட்டின் உண்மையான எல்லை அப்போதுதான் கண்ணில் படும். க்ரீம் போடுவதாக இருந்தாலும் அது இடத்தில் நிற்கும். பின்னாளில் ஏதாவது திரும்ப வந்தால் குளிக்கும்போதே நீங்கள் பார்த்துவிடலாம், இறுக்கமான தோலுக்கு அடியில் ஒளிந்திருக்காது. சின்ன ஆபரேஷன்தான், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வெட்டி எடுத்த தோலைத் தூக்கிப் போடாமல் முழுவதையும் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் க்ரீம். 5 சதவீத ஃப்ளூரோயூராசில் க்ரீமைத்தான் முதலில் கொடுப்பார்கள். இது நீங்கள் இதுவரை போட்ட க்ரீம்களைப் போன்றது இல்லை, தோலின் மேல் பூசும் கீமோ மருந்து. டாக்டர் சொல்லும் முறைப்படி, பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை போட வேண்டியிருக்கும். போட ஆரம்பித்துச் சில நாட்களில் அந்த இடம் செக்கச்செவேல் என்று ஆகும், எரியும், தோல் உரிந்து புண்ணாகும். ‘க்ரீம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இங்கேதான் பல பேர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து கெட்டுப்போன செல்களைத் தாக்குகிறது என்பதற்கு அடையாளம்தான் அந்த எரிச்சல். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி இடைவெளி விட்டுப் போடலாம், எரிச்சலைக் குறைக்கத் தனி மருந்தும் தருவார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள், பக்கத்துத் தோலில், விதைப்பையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து போடும் நாட்களில் உடலுறவு வேண்டாம். ஃப்ளூரோயூராசில் ஒத்துவராதவர்களுக்கு இமிக்விமாட் என்ற இன்னொரு க்ரீம் உண்டு. அது செல்களை நேரடியாகக் கொல்லாமல் அந்த இடத்து நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும், சிலருக்குக் காய்ச்சல் வந்ததுபோல உடம்புவலி இருக்கும்.

க்ரீமால் எத்தனை பேருக்கு முழுசாகப் போகிறது? சுமார் பாதிப் பேருக்கு. வெட்டாமல் தழும்பில்லாமல் பாதிப் பேருக்குக் குணமாகிறது என்பது நல்ல செய்திதான், ஆனால் மீதிப் பாதிப் பேருக்கு ஆகவில்லை என்பதை க்ரீம் எழுதிக் கொடுக்கும்போதே டாக்டர் சொல்லிவிட வேண்டும். சிவப்பு மறைந்ததை வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. புண் ஆறிய பிறகு மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இன்னும் மிச்சம் இருந்தால், இன்னொரு சுற்று க்ரீம், அப்புறம் வேறு க்ரீம் என்று இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஒரு முழுச் சுற்றுக்குப் போகாத திட்டு அடுத்த சுற்றுக்கும் போகாது என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு மாறிவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. க்ரீம் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன, கீழே அது வளர்ந்துகொண்டிருக்கும்.

லேசர் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் மேலோட்டமாக எரிக்கும், என்டி யாக் லேசர் சில மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். வடு குறைவு, சீக்கிரம் ஆறும். குறை என்னவென்றால், எரித்துவிட்டால் லேபுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, ஊடுருவல் இருந்ததா என்பது கடைசிவரை தெரியாமலே போகும். திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். ஒழுங்காக வந்து காட்டுகிறவர்களுக்கு, சின்னத் திட்டுகளுக்கு, முன்னால் நல்ல பயாப்ஸி எடுத்திருந்தால் சரி. உங்கள் திட்டின் அளவு எனக்குத் தெரியாததால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அறுவை சிகிச்சை என்று உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்னது அநேகமாக மொட்டின் மேல்தோலை மாற்றும் சிகிச்சையாக இருக்கும், கிளான்ஸ் ரீசர்ஃபேசிங் என்பார்கள். மொட்டின் மேல்தோலையும் அதற்கு அடுத்த மெல்லிய அடுக்கையும் மட்டும் உரித்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை அங்கே ஒட்டுவார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசு அப்படியே இருக்கும், உறுப்பின் வடிவம் இருக்கும், விறைப்புக்குக் காரணமான பகுதியை யாரும் தொடுவதே இல்லை. ஒட்டிய தோல் பிடிக்கும் வரை சில நாட்கள் அசையாமல் படுக்க வேண்டும், சிறுநீருக்குக் குழாய் இருக்கும். மொட்டில் தொடு உணர்வு முன்பு இருந்ததைப் போலவே இருக்கும் என்று சொல்லமாட்டேன், மாற்றம் இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் உடலுறவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதில் இருக்கும் பெரிய பலன், எடுத்த தோல் முழுவதும் லேபுக்குப் போகிறது என்பதுதான். அந்த ஐந்தில் ஒருவராக நீங்கள் இருந்தால் இங்கே தெரிந்துவிடும். திரும்ப வருவதும் க்ரீமைவிட, லேசரைவிடக் குறைவு.

ஆக என் கருத்தைக் கேட்டால்: முதலில் முன்தோல் நீக்கம், அதோடு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பயாப்ஸி. திட்டு சின்னது, பி16 சாயம் ஏறியிருக்கிறது, எங்கும் தடிப்பு இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து காட்டுவேன் என்கிறீர்களா? க்ரீமில் ஆரம்பிக்கலாம். திட்டு மொட்டில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது, அல்லது சிறுநீர்த் துவாரத்தின் ஓரத்தைத் தொடுகிறது (அங்கே க்ரீம் சரியாகப் போய்ச் சேராது), அல்லது லைக்கன் ஸ்க்ளீரோசஸ் வகை என்றால் நேரே தோல் மாற்றும் சிகிச்சைக்குப் போய்விடுவது நல்லது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றாலும் க்ரீம் சரியாக வேலை செய்யாது. ஹெச்ஐவி சோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். உங்கள் நடத்தையைச் சந்தேகித்துக் கேட்பது இல்லை, ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்பதால் எல்லோரிடமும் கேட்பதுதான்.

இனி, ஒருவேளை ஊடுருவல் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் என்ன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் இருப்பதால்தான் இணையம் உங்களை இவ்வளவு பயமுறுத்துகிறது.

அப்போதும் முழு உறுப்பும் போய்விடாது. கட்டியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல திசுவும் சேர்த்து வெட்ட வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. அந்த விதியால் எத்தனையோ பேர் தேவைக்கு மேல் இழந்தார்கள். சில மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மேலோட்டமான கட்டி என்றால் அதை மட்டும் வெட்டி எடுத்துத் தோல் ஒட்டலாம். மொட்டுக்குள் இறங்கிவிட்டது என்றால் மொட்டை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் முனையில் தோல் ஒட்டி மொட்டு போலவே அமைப்பார்கள். விறைப்புத் தண்டுக்குள்ளேயே போயிருந்தால்தான் உறுப்பின் ஒரு பகுதியை எடுப்பது, அப்போதும் நின்று சிறுநீர் கழிக்கும் அளவுக்கு நீளம் மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். முழுவதும் எடுப்பது மிகவும் முற்றிய நிலையில்தான், அப்போது விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர் வரப் புதிய வழி அமைக்கப்படும், உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். 4 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளுக்கு மெல்லிய ஊசிகள் வழியாகக் கதிர்வீச்சு மூலத்தை உள்ளே வைத்துச் செய்யும் பிராக்கிதெரபி என்ற வழியும் உண்டு, அதற்கும் முதலில் முன்தோலை எடுத்தாக வேண்டும். உறுப்பைக் காப்பாற்றும் சிகிச்சைகளில் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் திரும்ப வந்ததைச் சீக்கிரம் பிடித்தால் மறுபடி சிகிச்சை செய்துவிடலாம், ஆயுள் அதனால் பெரிதாகக் குறைவதில்லை. ‘கண்காணிப்புக்கு வருவேன்’ என்ற உங்கள் வாக்கை நம்பித்தான் டாக்டர் உறுப்பை விட்டுவைக்கிறார்.

இந்த நோயில் உயிரைத் தீர்மானிப்பது உறுப்பில் இருக்கும் கட்டியைவிட, தொடை இடுக்கில் இருக்கும் நெறிகள்தான், அதாவது நிணநீர் முடிச்சுகள். இதை நோயாளிகள் மட்டும் இல்லை, சில சமயம் சிகிச்சை செய்பவர்களே போதிய அளவு கவனிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆண்குறியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் இடம் இரண்டு பக்கத் தொடை இடுக்கும்தான். அங்கே பரவல் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள். இடுப்புக்குள் இருக்கும் நெறிகள் வரை போய்விட்டால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், கைக்கு எதுவும் தட்டுப்படாத நிலையிலும், ஊடுருவிய புற்று உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் நான்கில் ஒருவருக்கு, நெறிக்குள் நுண்ணிய அளவில் பரவல் இருக்கிறது. சிடி, எம்ஆர்ஐ, பெட் எந்த ஸ்கேனும் அந்த அளவைக் காட்டாது. ‘ஸ்கேன் நார்மல், கட்டி ஏதாவது வந்தால் பார்ப்போம்’ என்று காத்திருந்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், மறைந்திருந்த பரவலை முன்கூட்டியே தேடி எடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் இந்த நோயால் இறக்காமல் இருந்தார்கள். வெளியே தெரிந்த பிறகு எடுத்தவர்களில் 35 சதவீதம் பேர்தான். இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் ஊடுருவல் ஓரளவுக்கு மேல் இருந்தால், கட்டியைச் சுற்றி மிகச் சிறிய அளவில் கதிரியக்கப் பொருளும் நீலச் சாயமும் செலுத்தி, அது முதலில் எந்த நெறிக்குப் போகிறது என்று பார்த்து, அந்த ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். சென்டினல் நோடு பயாப்ஸி என்று பெயர். அதில் புற்று இருந்தால் மட்டும் அந்தப் பக்க நெறிகள் முழுவதையும் எடுப்பது. முழுவதும் எடுக்கும் ஆபரேஷனில் கால் வீக்கம், காயம் சீக்கிரம் ஆறாதது, நீர் கோர்ப்பது போன்ற தொல்லைகள் உண்டு, அதனால் தேவைப்படாதவர்களுக்குச் செய்யாமல் இருப்பதும் முக்கியம்.

உங்களுக்கு இப்போது ஊடுருவல் இல்லை என்றால் இந்த நெறிச் சோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் தொடை இடுக்கில் கடினமாக, அசையாமல், பட்டாணி அளவுக்கு மேல் ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். ‘தொற்றால் வந்த நெறியாக இருக்கும், ஆறு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்று தள்ளும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிச் சோதித்தால் சில நாட்களில் விடை தெரிந்துவிடும்.

நெறிகளில் பெரிதாகப் பரவியிருந்தால் ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுப்பார்கள். பாக்லிடாக்ஸல், ஐஃபாஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் மூன்றையும் சேர்த்து நான்கு சுற்று. 2010-ல் 30 பேரிடம் செய்த ஆய்வில் பாதிப் பேருக்கு நோய் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. இம்யூனோதெரபி மருந்துகள் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் இருக்கும் சிலருக்கு உதவுகின்றன. உங்களுக்கு இது எதுவும் இப்போது தேவைப்படாது.

மனைவி விஷயத்துக்கு வருவோம். புற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தொற்றக்கூடியது ஹெச்பிவி மட்டும்தான், அதுவும் உங்கள் திட்டு வைரஸ் வழியில் வந்திருந்தால். உடலுறவு வைத்துக்கொள்ளும் ஆண் பெண் பெரும்பாலோருக்கும் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் வந்து போகிறது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் பல வருடங்கள் சத்தமில்லாமல் தங்கிவிடும். ஆகவே யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், எப்போது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இதை வைத்து உங்கள் மேல் அவருக்கோ அவர் மேல் உங்களுக்கோ சந்தேகம் வர வேண்டிய அவசியமும் இல்லை. இதை அவரிடம் சொல்லும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொல்லத்தான் வேண்டும். அவருடைய உடம்புக்காகவே சொல்ல வேண்டும்: அவர் கருப்பை வாய்ப் பரிசோதனை, பேப் ஸ்மியரோ ஹெச்பிவி சோதனையோ, சரியான இடைவெளியில் செய்துகொண்டிருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போது செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வருவதும் இதே வைரஸால்தான், அதுவும் இதே போல ஆரம்ப நிலையிலேயே பிடிக்கக்கூடியதுதான். சிகிச்சை முடியும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், மகனோ மகளோ, ஹெச்பிவி தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் அதிகப் பலன் தரும். ஏற்கெனவே வந்துவிட்ட திட்டை அந்த ஊசி குணமாக்காது, அதனால் சிகிச்சை என்று சொல்லி யாராவது உங்களுக்குப் போடச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். பாதி பாரத்தை டாக்டர் சுமந்துகொள்வார். பல மனைவிகள் நோயைவிட, இத்தனை நாள் தன்னிடம் மறைத்ததற்காகத்தான் அதிகம் அழுகிறார்கள். உங்கள் தூக்கமின்மை பாதி இந்த ரகசியத்தால் வந்தது என்றே நினைக்கிறேன். அப்படியும் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் மனச்சோர்வு வருவது அடிக்கடி நடப்பதுதான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிகரெட்டை நிறுத்துங்கள். இதில் நான் சமரசம் செய்யத் தயாராக இல்லை. புகைப்பவர்களுக்கு ஆண்குறிப் புற்று வரும் வாய்ப்பு அதிகம். ஒட்டிய தோல் பிடிப்பதற்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும், சிகரெட் அதைத்தான் கெடுக்கிறது. தானாக விட முடியாவிட்டால் நிகோடின் சூயிங்கம், பேட்ச், மாத்திரை எல்லாம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய க்ரீம்களைக் குப்பையில் போட்டுவிடுங்கள், முக்கியமாக ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்து வரும் வகை. சிவப்பைக் கொஞ்சம் அமுக்கிவிட்டு உள்ளே இருப்பதை மறைப்பதுதான் அவற்றின் வேலையாக இருந்திருக்கிறது. பூஞ்சை என்றால் சரியான மருந்துக்கு இரண்டு மூன்று வாரத்தில் போயிருக்க வேண்டும். (உங்களைப் போலவே சிவப்புத் திட்டோடு இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது பெரும்பாலும் சாதாரண அழற்சியாகவோ சொரியாசிஸாகவோதான் இருக்கும், ஆனால் நான்கு வாரம் தாண்டியும் போகாத திட்டை, பருவை, புண்ணை டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். முன்தோலைத் தள்ள முடியாமல் உள்ளேயிருந்து கசிவோ நாற்றமோ ரத்தமோ வந்தாலும் அப்படியே.)

எங்கே போவது என்பதையும் யோசியுங்கள். அபூர்வ நோய்களில், அதை அடிக்கடி பார்க்கும் இடத்துக்கும் எப்போதாவது பார்க்கும் இடத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் ஆண்குறிப் புற்றைச் சில குறிப்பிட்ட மையங்களில் மட்டும் பார்க்கும்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அப்படி ஒழுங்கு இல்லாத இடத்தில் நீங்களேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: வருடத்துக்கு எத்தனை பேருக்கு இந்தச் சிகிச்சை செய்கிறீர்கள், மொட்டுத் தோல் மாற்றும் ஆபரேஷன் இங்கே செய்வது உண்டா, சென்டினல் நோடு வசதி இருக்கிறதா. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். எந்தப் பரிசோதனைக்கும் முன்னால், கார்சினோமா இன் சிட்டூ என்ற ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு உறுப்பில் பாதியை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடாமல் இன்னொரு கருத்து கேட்டுவிட்டு வாருங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்து ஐந்து வருடம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இடையில் மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், மொட்டையும் தண்டையும் இரண்டு தொடை இடுக்குகளையும் நீங்களே பார்த்து, தொட்டு, பழகிக்கொள்ளுங்கள். வைரஸ் வழியில் வந்தது வேறு இடத்திலும் தலைகாட்டலாம்.

இந்த வாரத்திலேயே மூன்று வேலை இருக்கிறது: பயாப்ஸி சில்லுகளைத் திரும்பக் கேட்டு வாங்குவது, முன்தோல் நீக்கத்துக்குத் தேதி குறிப்பது, மனைவியிடம் பேசுவது. பி16 முடிவும் திட்டின் அளவும் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், க்ரீமா ஆபரேஷனா என்பதை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.